ஏலாக்குறிச்சி முனிவர்

அரியலூர் என்றாலே நம் செட் நண்பர்கள் சிமெண்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சுண்ணாம்புக்கல், லாரி, தூசி, அவ்வளவுதான் இந்த ஊர் என்று நினைப்பு! ஆனால் கொள்ளிடக்கரைப் பக்கம் ஏலாக்குறிச்சி இருக்கிறது. முதலில் திருச்சி மாவட்டம், 1995இல் பெரம்பலூர் மாவட்டம், 2007 முதல் அரியலூர் மாவட்டம். வீரமாமுனிவர் கோயில் கட்டி, திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடிய ஊர் அது.

பிறந்தது 1680இல், இத்தாலியின் காஸ்திலியோனே நகரில். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். இந்தச் சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் முதலில் போர்வீரர். 1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் காலில் குண்டடி பட்டு, படுக்கையில் கிடந்தபோதுதான் மனம் மாறினார். 1540இல் போப்பின் ஒப்புதல் கிடைத்தது. சபையின் தலைவருக்கு இன்றும் ஜெனரல் என்றே பெயர். போ என்றால் போக வேண்டியதுதான். பெஸ்கியும் அப்படித்தான் 1710இல் கோவா வந்து, மறு வருடம் மதுரை மிஷனில் சேர்ந்தார்.

காவி உடுத்தி, புலால் விட்டு, தமிழ்த் துறவி போலவே வாழ்ந்தார். அந்த வாழ்க்கைமுறைக்கே அப்போது ஆபத்து இருந்தது. உள்ளூர் வழக்கங்களை ஏற்கலாமா என்று திருச்சபைக்குள் பெரிய தகராறு. 1704இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் பலவற்றைத் தடை செய்து ஆணையிட்டிருந்தார். 1744இல்தான் ரோம் முடிவான தீர்ப்பு சொன்னது. அவருடைய தமிழ்நாட்டு வாழ்க்கை முழுக்க அந்தக் கத்தி தலைக்கு மேலே தொங்கிக்கொண்டே இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர் எழுதிய தேம்பாவணியில் 3615 பாடல்கள், சூசையப்பரின் கதை. அதைப் பற்றித் தமிழாசிரியர்கள் சொல்லட்டும். இன்ஜினியரான எனக்குப் பிடித்தது வேறு. பழைய முறையில் எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி, நெடிலுக்குப் புள்ளி கிடையாது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் விட்டுவிடுவார்கள். அப்புறம் எரி எது, ஏரி எது? இடம் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். பெஸ்கி புள்ளியை எடுத்துவிட்டு, நெடிலின் வடிவத்தையே மாற்றினார். ஏகாரத்தின் காலும், ஓகாரத்தின் சுழியும், இரட்டைச் சுழிக் கொம்பும் அப்படி வந்தவை. என்ன சிக்கனமான டிசைன் பாருங்கள்!

1732இல் சதுரகராதி. அதுவரை பெரும்பாலும் நிகண்டுகளை மனப்பாடம் செய்தால்தான் பொருள் தெரியும். இவர் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். புரட்டினால் கிடைக்கும்.

இன்னொரு வேடிக்கை. தரங்கம்பாடி லுத்தரன்காரர்களை எதிர்த்துக் காரசாரமாக எழுதியவர் இவர். ஆனால் லத்தீனில் இவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது அந்தத் தரங்கம்பாடி அச்சகமேதான்! மதச்சண்டை ஒரு பக்கம், தமிழ் படிக்க நல்ல புத்தகம் வேண்டுமே.

1747இல் கேரளத்து அம்பழக்காட்டில் காலமானார். 26 வருடம் கழித்து, 1773இல், போப் பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்துவிட்டார். 1814இல் சபை மீண்டும் உயிர்பெற்று, 1838இல்தான் மதுரைக்குத் திரும்பி வந்தது. ஆனாலும் ஏரிக்குக் கால் போட்டு எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது.

சென்னைக் கடற்கரையில் 1968இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். நண்பர்கள் இந்தப் பக்கம் வந்தால் ஏலாக்குறிச்சிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அரியலூரிலிருந்து பஸ் இருக்கிறது.