கதவைத் திறந்த டாக்டரம்மா

சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இது நம்மில் பல பேருக்குத் தெரியும். ஆனா அதே அடையாறில் அவர் வளர்த்த இன்னொரு இடம் இருக்கு. அதன் பெயர் அவ்வை இல்லம். அந்தக் கதையைத்தான் இப்ப பார்க்கப் போறோம்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பம். பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேரப் போனபோது எதிர்ப்பு கிளம்பியது. பெண் என்பது ஒரு காரணம், தாயின் குலம் இன்னொரு காரணம். புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்ததால் படிக்க முடிந்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்பதே அவர் போட்ட நிபந்தனை.

அந்தக் காலத்தில் சின்னப் பெண்களைச் சாமிக்கு என்று சொல்லிப் பொட்டுக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குக் கல்யாணம் கிடையாது. கோயில் தொண்டு, ஆடல், பாடல் என்று மதிப்போடு இருந்த வழக்கம்தான். ஆனா காலப்போக்கில் பல பெண்களுக்கு அது பணக்காரர்களை அண்டிப் பிழைக்கும் வாழ்க்கையாகிவிட்டது. இதற்காகவே ஏழை வீட்டுப் பிள்ளைகளை விலைக்கு வாங்கித் தத்தெடுத்தவர்களும் உண்டு. சாமி பெயரைச் சொல்லிச் செய்ததால் யாரும் கேள்வி கேட்கலை.

சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரான முதல் பெண் முத்துலட்சுமிதான். அங்கே அவர் கேள்வி கேட்டார். எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரலை. கலையும் சொத்துரிமையும் போய்விடும் என்று தேவதாசிகளிலேயே சிலர் எதிர்த்தார்கள். கோயில் பணிக்காகக் கொடுத்த மானிய நிலம்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பணியை விட்டால் நிலமும் போய்விடும். 1929-இல் அவர் முயற்சியால் வந்த சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. பணி செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ள வழி பிறந்தது. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது.

ஆனா சட்டம் மட்டும் போதுமா? அந்த வாழ்க்கையை விட்டுவிட்டு சில பெண்கள் அவரிடம் தஞ்சம் கேட்டு வந்தார்கள். அவர்களுடைய குலத்தைக் காரணம் காட்டி விடுதிகள் சேர்க்க மறுத்தன. கல்லூரி வாசலில் அவர் சந்தித்த அதே மறுப்பு! தன் வீட்டுக் கதவையே திறந்துவிட்டார். 1930-களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் இப்படித்தான் பிறந்தது. தமிழ்ப் பாட்டியின் பெயரைக் கொண்ட வீடு.

இரண்டு நாள் சோறு போட்டு அனுப்பும் சத்திரம் இல்லை அது. பிள்ளைகள் அங்கேயே தங்கி வருஷக்கணக்காக வளர்ந்தார்கள், படித்தார்கள். ஆசிரியைகளாகவும் செவிலியர்களாகவும் சொந்தக் காலில் நின்றார்கள். காப்பாற்றுவது ஒரு நாள் வேலை. பயம் தெளிந்து, தானும் ஒரு மனுஷிதான் என்ற நம்பிக்கை வருவதற்குப் பல வருஷம் ஆகும். டாக்டரம்மாவுக்கு அது தெரிந்திருந்தது.

1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968-இல் மறைந்தார். அவ்வை இல்லம் அவரோடு முடிந்துவிடவில்லை.

வேலை வாங்கித் தர்றேன், சாமி காரியம் என்று சொல்லிப் பெண்களை ஏமாற்றுகிறவர்கள் இன்னிக்கும் இருக்கத்தான் செய்றாங்க. தப்பித்து வந்த பெண்ணிடம் நாம முதலில் என்ன கேட்கிறோம்? யார் வீட்டுப் பொண்ணு, ஏன் போனே என்றுதானே? அதைக் கேட்பதற்கு முன்னாடி சாப்பிட்டியாம்மா என்று கேட்போம். அதோடு விட்டுவிடாமல், அவள் படித்து முடிக்கிற வரைக்கும் கூட இருப்போம். கோயிலில் செய்கிற தொண்டுக்கு இது எந்த விதத்திலும் குறைந்தது இல்லை.