ஸர் தாமஸ் மன்றோ எடுத்த பள்ளிக் கணக்கு

ஓர் ஊரின் பொதுத் தொடக்கப் பள்ளியை நல்லதென்றோ அல்லதென்றோ எதைக்கொண்டு துணிவது? கட்டடத்தைக் கண்டா, பிள்ளைகளை எண்ணியா, அவர்கள் ஒப்பிப்பதைக் கேட்டா? தென்காசியை அடுத்த ஆய்க்குடியிலே, அனுமன் நதிக்கரையில் நின்றபோது இவ்வினா எம் உள்ளத்தெழுந்தது. உடனே நினைவிற்கு வந்தவர், முன்னாளிற் சென்னைக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ ஆவர்.

மன்றோ 1761-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். 1780-இல் கம்பெனியாரின் படையிற் சேர்ந்து சென்னை வந்தார். பாராமகாலிலும், பின்பு பல்லாரி, கடப்பைச் சீமைகளிலும் ரயத்துவாரி வரிமுறையை வகுத்துப் பெயர்பெற்று, 1820-இல் கவர்னர் பதவியை ஏற்றார். நிலத்தை அளந்தோம், விளைவை ஆராய்ந்தோம், குடிகளை எண்ண முயன்றோம். அவர்தம் கல்வி நிலையை மட்டும் அறியாதிருக்கின்றோமே என்பது அவர்க்குப் பெருங்குறையாகத் தோன்றிற்று. ஆதலின் 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜில்லாதோறும் பள்ளிக் கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு ஆணை பிறப்பிக்கச் செய்தார். தலையெண்ணிக்கை மட்டும் அவர் வேண்டியதன்று. எந்நூல்களைக் கற்பிக்கின்றனர், பிள்ளைகள் எத்துணை ஆண்டு பயில்கின்றனர், சம்பளம் யாது, மானியம் உண்டா என்பனவும் கேட்டிருந்தார். பள்ளியின் தரம் இவற்றிலேயே அடங்கியிருத்தலை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

வந்த மறுமொழிகளுள் பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-இல் விடுத்தது படிக்கத்தக்கது. அவர் தம் ஜில்லாவில் 533 பள்ளிகளையும் 6,641 மாணாக்கரையும் கண்டார். மணலில் விரலால் எழுதிப் பழகும் சிக்கனத்தையும், மூத்த பிள்ளைகள் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் மெச்சினார். ஆயினும், பேச்சுவழக்கிற்கு வேறான செய்யுள் நடையைப் பொருளுணராது நெட்டுருச் செய்தலைக் குறைகூறினார். நெசவுத் தொழில் நலிந்தமையால் வறுமையெய்திய குடிகள் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடமாட்டாதிருத்தலையும் அவர் மறைக்கவில்லை. கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவர் இங்ஙனம் எழுதியது வியப்பே.

மாகாணக் கணக்கு முழுதும் திரண்டபின், 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மன்றோ தம் முடிவை எழுதினார். பள்ளிகள் 12,498, மாணாக்கர் 1,88,650. இவருட் பெண்கள் 4,540 பேரே. ஐந்து முதல் பத்து வயதுள்ள ஆண்பிள்ளைகளில் நாலிலொரு பங்கினர் பள்ளியில் இருந்தனர்; வீட்டிற் கற்பாரையும் கூட்டினால் மூன்றிலொரு பங்கினர் ஆகலாம் என மதித்தார். தாழ்ந்த நிலையே எனினும், சற்று முந்திய காலத்து ஐரோப்பிய நாடுகள் பலவற்றினும் மேலென்றே கருதினார்.

குறையின் வேரை அவர் உபாத்தியாயரிடத்தே கண்டார். அவர்மீது குற்றஞ்சாட்டவில்லை, அவர் வருவாயையே நோக்கினார். மாதம் ஆறு ஏழு ரூபாய்க்குத் தகுதியுடையோர் எவர் வருவர்? ஆகவே, ஊர்ப் பள்ளிகளில் அரசு தலையிடாது, ஜில்லாவிற்கு இரண்டும் தாசில்தோறும் ஒன்றுமாகப் புதுப்பள்ளிகள் நிறுவி, முறையே 15 ரூபாயும் 9 ரூபாயும் சம்பளம் நல்கலாம் என்றார். மாணாக்கர் தரும் சம்பளம் இதற்கு மேலாகும்.

அப்பள்ளிகள் தழைத்தலைக் காண அவர் இருந்திலர். 1827-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், விடைபெறும் சுற்றுப்பிரயாணத்தில், பத்திகொண்டாவில் வாந்திபேதியால் உயிர்துறந்தார். கம்பெனி இயக்குநர் 1828-இல் இசைவளித்தனர். திறந்த பள்ளிகளோ 1836-இல் எடுபட்டன. சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் வீற்றிருக்கும் அவர் உருவச்சிலையைக் காண்போர் அங்கவடி இல்லாமையைப் பேசுவர். பள்ளிக் கணக்கைப் பேசுவார் அரியர்.

ஆய்க்குடியிலோ அந்நாளிற் கலெக்டர் ஆட்சி இல்லை. செங்கோட்டைத் தாலூகாவைச் சேர்ந்த அவ்வூர், 1956-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை இராஜ்யத்தோடு இணையுமளவும் திருவிதாங்கூர்ச் சீமையினதாயிருந்தது. அச்சீமையில் மன்றோவின் ஆணைக்கு ஐந்தாண்டு முன்னரே, 1817-இல், ராணி கௌரி பார்வதி பாய் குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் எனச் சாசனம் விடுத்திருந்தார். தென்காசிவரை வந்த கணக்கு எல்லையிலே நின்றது. ஆய்க்குடித் திண்ணைகளிலே மணல் பரப்பி எழுதிய பிள்ளைகள் எத்துணையர் என்பது மன்றோவின் அட்டவணையில் இல்லை.