மக்களை இடித்துரைத்த செய்தியாளர்

அரசனுக்கு இடித்துரைப்போரின் துணை வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. முடியாட்சி மறைந்து குடியாட்சி மலர்ந்தபின் மக்களே மன்னர் ஆயினர். அவ்வாறாயின், அம்மக்களை இடித்துரைப்பவர் யார்? இவ்வினாவுக்குத் தம் எழுத்தையே விடையாக்க முயன்றவர் அமெரிக்கச் செய்தியாளர் லிங்கன் ஸ்டெபன்ஸ். நகராட்சியின் நடப்பைச் செய்தியாக எழுதுவதில் தொடங்கி, நகர மக்களின் மனச்சான்றைத் தொட்டது அவர் எழுத்து. எழுத்தை நேசிப்போர் கூடிப் பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் அவர் வாழ்வை எண்ணிப் பார்ப்பது பொருந்தும்.

ஸ்டெபன்ஸ் 1866ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தார். கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவில் வளர்ந்தார். தந்தையார் செல்வம் மிக்க வணிகர். அவர்கள் வாழ்ந்த மாளிகை பின்னாளில் அம்மாநில ஆளுநரின் இல்லமாயிற்று. 1889இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற இளைஞர், அறத்திற்கு அடிப்படை எது என அறியும் வேட்கையோடு ஐரோப்பா சென்றார். ஜெர்மனியின் பெர்லின், ஹைடல்பர்க், லைப்சிக் ஆகிய நகரங்களிலும் பிறகு பாரிசிலும் பயின்றார். 1892இல் நியூயார்க் திரும்பியபோது தந்தையாரின் கடிதமும் 100 டாலரும் அவருக்காகக் காத்திருந்தன. ஏட்டுக் கல்வி போதும், இனி வாழ்க்கையைக் கற்றுக்கொள்ளட்டும் என்பது தந்தையாரின் முடிவு. நூல்களில் கிட்டாத விடையைத் தெருவில் தேடுமாறு காலம் அவரைப் பணித்தது எனலாம்.

'ஈவினிங் போஸ்ட்' நாளிதழில் அவருக்கு நிருபர் வேலை கிடைத்தது. 1893ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியை வால் தெருவிலிருந்து எழுதியபின், மல்பெரி தெருவிலிருந்த காவல்துறைத் தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டார். டாமனி ஹால் என்னும் அரசியல் அமைப்பு நியூயார்க் நகராட்சியைத் தன் கைக்குள் வைத்திருந்த காலம் அது. 1894இல் மாநிலச் சட்டமன்றம் அமைத்த லெக்சோ குழு விசாரித்தபோது, சூதாட்ட விடுதிகளும் விலைமகளிர் இல்லங்களும் காவலர்க்குக் கப்பம் கட்டி வந்தமை வெளிப்பட்டது. ஒரு காவல் அதிகாரி தம் பதவி உயர்வுக்கு 15,000 டாலர் கொடுத்ததாக ஒப்புக்கொண்டார். இவற்றையெல்லாம் அருகிருந்து கண்ட ஸ்டெபன்ஸ், கையூட்டு ஒரு தனிமனிதக் குற்றமன்று, அதற்கும் ஓர் ஒழுங்கமைப்பு உண்டு என உணரத் தொடங்கினார்.

அதே தெருவில் அவருக்கு வாய்த்த நண்பர் ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கிலிருந்து குடிபெயர்ந்து, நியூயார்க் ஏழைகளின் குடியிருப்பு அவலத்தைப் படத்தாலும் எழுத்தாலும் உலகறியச் செய்த செய்தியாளர் அவர். இவ்விருவரின் போட்டியில் விளைந்த நிகழ்ச்சி ஒன்று எண்ணத்தக்கது. காவல் நிலைய அரட்டையில் காதில் விழுந்த திருட்டு ஒன்றை ஸ்டெபன்ஸ் செய்தியாக்கினார். தம் இதழில் அது வரவில்லையே என ரீஸின் ஆசிரியர் கேட்க, ரீஸ் வேறு திருட்டுகளைத் தேடிப் பிடித்து எழுதினார். பிற நாளிதழ்களும் பந்தயத்தில் இறங்கின. நகரில் குற்ற அலை பொங்கிவிட்டதாக மக்கள் அஞ்சினர். அப்போது காவல் ஆணையத்தின் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் சீர்திருத்தமே பழிக்கு ஆளாயிற்று. உண்மையை அறிந்த ரூஸ்வெல்ட் இருவரையும் அழைத்துக் கேட்டபின் போட்டி நின்றது, அலையும் ஓய்ந்தது. குற்றங்கள் கூடவுமில்லை, குறையவுமில்லை. செய்திகளே கூடிக் குறைந்தன. தனித்தனியே மெய்யான செய்திகள் சேர்ந்து ஒரு பொய்யை உருவாக்கக்கூடும் என்னும் இப்பாடத்தை, தம்மையே குற்றவாளியாக்கித் தன்வரலாற்றில் அவர் பதிவு செய்தமை அவரது நேர்மைக்குச் சான்று.

1897இல் 'கமர்ஷியல் அட்வர்டைசர்' நாளிதழின் நகரச் செய்தி ஆசிரியரானார். கவிதையும் கதையும் எழுதும் கனவோடு கல்லூரியிலிருந்து வந்த இளைஞர்களைத் தேடிச் சேர்த்தார். இத்திஷ் மொழி எழுத்தாளர் ஆபிரகாம் காஹனும் அக்குழுவில் இருந்தார். மனைவியை ஒருவன் கொலை செய்தான் எனில், ஒருகாலத்தில் அவளை விரும்பி மணந்தவன் கொலைகாரனாக மாறியது எவ்வாறு என்பதே எழுதத்தக்க செய்தி என அவர்களுக்குக் கற்பித்தார். படிப்பவர் அக்கொலையாளியின் இடத்தில் தம்மையே காணுமாறு எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. இலக்கியத்திற்கும் இதுவே இலக்கணம் அன்றோ?

1901இல் 'மெக்ளூர்ஸ்' மாத இதழில் சேர்ந்தார். அலுவலகத்தில் அமர்ந்து இதழ் நடத்தக் கற்க இயலாது, ரயிலேறி ஊர்களைப் பார்த்து வரவேண்டும் என்று அதன் உரிமையாளர் அவரை அனுப்பிவைத்தார். 1902இல் செயிண்ட் லூயிஸ் நகரை அடைந்தார். அங்கே நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்தாக அமைந்தது, நாளிதழில் வந்த ஏறத்தாழப் பத்து வரிச் செய்தி ஒன்று. தெரு ரயில் நிறுவனம் ஒன்று உரிமம் பெறுவதற்காக நகர மன்ற உறுப்பினர்க்கு வழங்கும் கையூட்டுப் பணத்தை வங்கியில் வைத்திருப்பதாக அது கூறியது. உள்ளூர் நிருபர் ஒருவர் அதனை அரசு வழக்கறிஞர் ஜோசப் ஃபோக்கின் பார்வைக்குக் கொண்டுவந்தார். அவர் வங்கிப் பெட்டகங்களைத் திறக்கச் செய்தபோது ஒன்றில் 75,000 டாலரும் மற்றொன்றில் 60,000 டாலரும் இருந்தன. மன்றத்தின் இரு அவைகளுக்கும் பேசி முடித்த விலை அது. கொல்லராக வாழ்வைத் தொடங்கி நகரையே ஆட்டிப்படைத்த எட்வர்ட் பட்லரும் தண்டிக்கப்பட்டார். ஆயினும் மிசூரி மாநில உச்ச நீதிமன்றம் அத்தண்டனையைத் தள்ளுபடி செய்தது.

தொடர்ந்து மினியாபோலிஸ், பிட்ஸ்பர்க், பிலடெல்பியா, சிகாகோ, நியூயார்க் ஆகிய நகரங்களைப் பற்றி எழுதினார். மினியாபோலிசில் காவல்துறையே திருடரோடு கூட்டுச் சேர்ந்திருந்தது. மேயர் ஏம்ஸ் தம் உடன்பிறந்தாரையே காவல் தலைவராக்கியிருந்தார். சீட்டாட்ட மோசடிக்காரர் எவரெவர்க்கு எவ்வளவு பங்களித்தனர் எனக் குறித்து வைத்த கணக்கேட்டின் பக்கங்களைத் தேடிப்பெற்று, படமாகவே வெளியிட்டார் ஸ்டெபன்ஸ். பிலடெல்பியாவின் வாக்காளர் பட்டியலிலோ குழந்தைகளின் பெயர்களும் செத்த நாய்களின் பெயர்களும் இடம்பெற்றிருந்தன.

அவர் நாடிச் சென்றது சீர்திருத்தக்காரர்களை மட்டுமன்று. கட்சித் தலைவர்களையும் கையூட்டு வாங்கியோரையும் நேரில் கண்டு, பகைமையின்றிப் பேசினார். தம் தொழிலின் நுட்பத்தை அவர்களே விளக்கும்வரை பொறுமையோடு கேட்டார். வெளிநாட்டிலிருந்து குடியேறிய மக்களே நகராட்சிச் சீர்கேட்டுக்குக் காரணம் என்பது அந்நாளில் நற்குடியினரின் நம்பிக்கை. ஸ்டெபன்ஸ் அதனை நகரம் நகரமாகச் சோதித்தார். ஜெர்மானியர் மிக்க செயிண்ட் லூயிசும், ஸ்காண்டிநேவியர் மிக்க மினியாபோலிசும், கலப்புக் குறைந்த அமெரிக்க நகரம் எனப் பெயர்பெற்ற பிலடெல்பியாவும் ஒன்றுபோலவே கெட்டிருந்தன. கை நீட்டியவர் அரசியலாளர். கொடுத்தவரோ உரிமமும் சலுகையும் வேண்டிய மதிப்புமிக்க வணிகர். இரண்டையும் அறிந்தும் வாளாவிருந்தவர் குடிமக்கள். 1904இல் இக்கட்டுரைகளைத் 'நகரங்களின் அவமானம்' எனப் பொருள்படும் தலைப்பில் நூலாக்கியபோது, அவமானம் மக்களுடையதே என்று முன்னுரையில் வெளிப்படையாக எழுதினார். நூலை விலை கொடுத்து வாங்குவோரையே குற்றம் சாட்டும் துணிவு எளிதில் வருவதன்று.

1906இல், குடியரசுத் தலைவராகிவிட்ட ரூஸ்வெல்ட் இத்தகைய எழுத்தாளர்களைக் குப்பை கிளறுவோர் எனக் கடிந்துரைத்தார். அப்பெயர் வரலாற்றில் பெருமைப் பெயராகவே நிலைத்துவிட்டது.

பிற்கால ஸ்டெபன்ஸை மறைத்துரைப்பது முறையாகாது. நல்லவர் ஒருவரைப் பதவியில் அமர்த்தினால் நகர் திருந்தும் என்னும் நம்பிக்கையை அவர் மெல்ல இழந்தார். 1919இல் அமெரிக்கத் தூதுக் குழுவோடு ரஷ்யா சென்று லெனினைக் கண்டார். அங்கே எதிர்காலத்தையே கண்டுவிட்டதாக நம்பினார். இத்தாலியில் முசோலினியையும் வியந்தார். ஒரு நகரத்தின் கணக்கேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டியவர், இரு பேரரசுகளின் கணக்கேட்டைக் கேட்டுப் பாராமல் விட்டது வியப்பும் வேதனையும் தருவதாகும். இடித்துரைப்பவரையும் இடித்துரைக்க ஒருவர் வேண்டும் போலும்! 1931இல் தன்வரலாறு வெளிவந்து புகழ் மீண்டது. 1936ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் கலிபோர்னியாவின் கார்மெல் ஊரில் அவர் மறைந்தார்.

பெருங்கொள்கைகளைத் தேடிச் சென்ற இடங்களில் ஸ்டெபன்ஸ் இடறினார். ஒரு தெருவையும் ஒரு மன்றத்தையும் ஒரு கணக்கேட்டையும் உற்று நோக்கிய இடங்களில் உயர்ந்து நின்றார். செயிண்ட் லூயிஸ் மன்றத்தைக் கலக்கியது பெருங்காப்பியமன்று. பத்து வரிச் செய்தியே. சொல்லை ஆளும் நம்மவர்க்கு அவ்வரலாறு விடுக்கும் வினா ஒன்றுண்டு. பிறரைச் சுட்டிப் பாடுவது எளிது. படிப்பவரும் பாடுபவரும் ஒருங்கே தலைகுனியுமாறு நாம் எழுதிய வரிகள் எத்தனை?