ஒளியால் தண்ணீரைச் சோதித்த மேதை

ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துப் பாருங்கள். பளிங்கு போல் இருக்கிறதா? அப்படியானால் அது சுத்தமான தண்ணீர் என்று நினைத்து விடுகிறோம். நம் கண்ணை அவ்வளவு சுலபமாக நம்பிவிடக் கூடாது என்பதை ஒளியைக் கொண்டே காட்டினார் ஒரு விஞ்ஞானி. அவர் பெயர் ஜான் டிண்டால்.

போலீஸ்காரர் மகன்

1820-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி அயர்லாந்து நாட்டில் டிண்டால் பிறந்தார். தகப்பனார் போலீஸ்காரர். வசதி இல்லாத குடும்பம். ஆனாலும் மகனை நன்றாகப் படிக்க வைத்தார்.

டிண்டால் நில அளவை இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். ஊழியர்களுக்கு நியாயம் கேட்டார். அதனால் 1843-ல் வேலை போயிற்று! அவர் மனம் தளரவில்லை. ரெயில் பாதைக்கு நிலம் அளந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தார். சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு, 28-வது வயதில் ஜெர்மனிக்குப் படிக்கப் போனார். டாக்டர் பட்டம் பெற்றார். 1853-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் ஆனார். புகழ்பெற்ற மைக்கேல் பாரடே அங்கே அவருடைய மூத்த துணைவர்.

வளைந்தது ஒளி!

1854-ல் டிண்டால் ஓர் அதிசயம் காட்டினார். தொட்டியின் பக்கத்தில் ஒரு துளை. அதன் வழியே தண்ணீர் வளைந்து கொட்டியது. தொட்டிக்குள் விளக்கு ஒளியைச் செலுத்தினார். நேராகத்தானே ஒளி போகும்? ஆனால் அது தண்ணீர்த் தாரைக்குள்ளேயே மோதி மோதித் திரும்பி, தாரையோடு சேர்ந்து வளைந்து இறங்கியது. ஜெனீவாவில் கொலாடன் என்பவர் 1841-லேயே இதைச் செய்திருந்தார். லண்டன் மக்கள் அறியச் செய்தவர் டிண்டால்.

பிறகு, காற்றில் மிதக்கும் தூசியை ஆராய்ந்தார். கூரை ஓட்டை வழியே வரும் வெயிலில் தூசி மின்னுவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? நுண்ணிய துகள்கள் ஒளியைச் சிதற அடிப்பதே காரணம். தண்ணீரிலும் அப்படித்தான்.

புட்டிகளில் கடல் நீர்

1870 டிசம்பரில் சூரிய கிரகணம் பார்க்க, கப்பலில் அல்ஜீரியாவுக்குப் போனார். அந்தோ! மேகம் மறைத்துவிட்டது. ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. வழியில் பல இடங்களில் கடல் நீரைப் புட்டிகளில் பிடித்தார். லண்டனில் இருட்டறையில் வைத்து, ஒளிக்கதிரைப் பாய்ச்சினார். பச்சை நீரில் துகள்கள் ஏராளம். கருநீல நீரில் மிகக் குறைவு. ஒளி அழுக்கைக் காட்டிக் கொடுத்தது!

முடிவு

1893 டிசம்பர் 4-ந் தேதி பெரும் துயரம் நேர்ந்தது. அன்பு மனைவி லூயிசா, வழக்கமாகக் கொடுக்கும் மருந்து என்று நினைத்து, தூக்க மருந்தைத் தவறாகக் கொடுத்துவிட்டார். அன்றே டிண்டால் உயிர் நீத்தார். அவருக்கு வயது 73.

அவர் செய்த இரண்டு சோதனைகளும் இன்று ஒன்று சேர்ந்திருக்கின்றன. தலைமுடி போன்ற கண்ணாடி இழை, வளைந்து வளைந்து ஒளியை ஆற்றுக்குள் கொண்டு போகிறது. துகள்களில் பட்டுச் சிதறிய ஒளியை இன்னோர் இழை திரும்பக் கொண்டு வருகிறது. தெளிந்த நீராக இருந்தால் திரும்பும் ஒளி குறைவு. கலங்கக் கலங்க அது கூடும். இழையின் நுனியில் ஒளிரும் சாயம் பூசினால், நீரில் உள்ள பிராணவாயுவையும் அளக்கலாம். பிராணவாயு மிகுந்தால் சாயத்தின் ஒளி மங்கும். சாக்கடை கலந்த நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். அந்த ஆபத்தை முன்கூட்டியே அறியலாம்.

ஆனாலும், தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் ஆகிவிடாது. நீரில் கரைந்த விஷம் கலங்கலாகத் தெரியாது. சில கிருமிகள் இருந்தாலும் நீர் தெளிவாகவே இருக்கும். கண்ணை மட்டும் நம்பாமல் சோதித்துப் பார்ப்பதே அறிவு. போலீஸ்காரர் மகன் கற்றுத் தந்த பாடம் இதுதான்.