காட்டைப் படம் பிடித்த மா. கிருஷ்ணன்



நம் வாட்ஸ்அப் குழுவில் சில வாரங்களுக்கு முன் ஒரு படம் வந்தது, பார்த்திருப்பீர்கள். ஒகேனக்கல் பக்கம் ஆற்று ஆலாக்கள் கூட்டமாக எழும்பிப் பறக்கும் படம். நம் பிளாக் பையன்கள் எடுத்தது. எல்லோரும் பாராட்டினோம், நானும்தான். பிறகு லிப்டில் பார்த்தபோது எப்படி எடுத்தாய் என்று ஒருவனிடம் கேட்டேன். ஆலா தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிப்பதை எடுக்கத்தான் போனார்களாம். வெகு நேரம் காத்திருந்தும் சரியாக அமையவில்லை. கடைசியில் மணல் திட்டில் உட்கார்ந்திருந்தவற்றைக் கல் எறிந்து கிளப்பி எடுத்தார்களாம். ஒளிக்காமல் சொன்னான். அவனைத் திட்ட மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

அவர் மா. கிருஷ்ணன். நம் நாட்டில் காட்டுயிர்களைப் படம் எடுத்தவர்களில் முன்னோடி. 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா யார் தெரியுமா? பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையா. எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன் கடைசி. அண்ணன் அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனார். 1925இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்த கையோடு மாதவையா சாய்ந்து இறந்துபோனார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பிறகு மாநிலக் கல்லூரியிலும் படித்தார். கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஃபைசன். மலைப் பகுதிகளுக்குச் செடி தேடிப் போகும்போது மாணவரையும் உடன் அழைத்துப் போவாராம். அடுத்து சட்டமும் படித்தார். ஆனால் வக்கீல் தொழிலில் மனம் ஒட்டவில்லை. 1942இல் பெல்லாரி பக்கமுள்ள சண்டூர் என்ற சிறிய சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, ராஜாவின் செயலாளர் என்று பல வேலைகள் பார்த்தார். சுற்றிலும் குன்றுகளும் காடும் இருந்ததால் ஓய்வு நேரமெல்லாம் அங்கேதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. இந்த இடத்தில் நீங்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். வயது நாற்பதை நெருங்குகிறது, குடும்பம் இருக்கிறது. அந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் நிரந்தரச் சம்பளம்தான் தேடியிருப்பார்கள். கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பி, இனி எழுத்தும் புகைப்படமுமே பிழைப்பு என்று முடிவு செய்தார். மாதக் கடைசியில் சம்பளம் வரவாகும் தேதியை நம்பியே வாழ்ந்த என் போன்ற வங்கிக்காரனுக்கு இதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

1950இல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகையில் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். பதினைந்து நாளுக்கு ஒன்று. 1996 வரை 46 ஆண்டுகள் நிற்கவே இல்லை. பழைய வேலைப் பழக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் இரண்டு என்று வைத்தாலே 1,100ஐத் தாண்டுகிறது. தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலாகக் கொண்டுவந்திருக்கிறார்.

இனி அவர் கேமராவுக்கு வருவோம். ஒன்றின் உடல், இன்னொன்றின் லென்ஸ் என்று தாமே பொருத்திக் கொண்ட கனமான பெட்டி அது. அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். கடைசி வரை கறுப்பு வெள்ளைதான். முதுமலையில் யானைகளைப் படமெடுக்க நடந்தே போவார், அல்லது வளர்ப்பு யானை மேல் ஏறிப் போவார். இன்றைய கேமராவில் ஒரு நொடியில் இருபது படம் விழுகிறது. அன்றைக்கு ஒரு தடவை அழுத்தினால் ஒரே படம்தான். பிலிமும் காசு. அதனால் அந்தப் பிராணி எப்போது என்ன செய்யும் என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். அதற்கு நாள்கணக்கில் பார்த்துக் கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அவர் வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றியும் நிறைய எழுதியவர். அந்த ஊர் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால், தலைமுறை தலைமுறையாக ஊர்க்காரர்களே பறவைகளைக் காத்தார்கள். வேட்டைக்காரர்களைத் தடுக்க 1798இலேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள்.

கிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1975இல் அவருடைய காட்டுயிர் ஆய்வை மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கம் நூலாக வெளியிட்டது. 1996 பிப்ரவரி 18 அன்று காலமானார். அன்றைய ஸ்டேட்ஸ்மேனிலும் அவருடைய பத்தி வந்திருந்தது.

இப்போது நம் பையன்களிடம் வருகிறேன். ஆற்று ஆலா கோடையில் வெறும் மணல் திட்டிலும் பாறையிலும்தான் முட்டையிடும். கூடு என்று தனியாகக் கட்டாது. தாய் எழுந்து போனால் அந்த வெயிலில் முட்டை சிறிது நேரத்தில் கெட்டுவிடும், அல்லது காக்கை கொத்திவிடும். நாம் எறியும் ஒரு கல்லுக்கு இவ்வளவு விலை இருக்கிறது.

ஆலா பாயும் முன் தலையைக் குனிந்து தண்ணீரைப் பார்த்தபடி, ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். அந்த நொடிக்கு ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்கோ அதைவிட வேகமாகவோ வைத்துத் தயாராக இருங்கள். ஊருக்குள்ளேயே பழக வேண்டுமானால் ராமாக்காள் ஏரிக் கரையில் காலையில் உட்கார்ந்து பாருங்கள். கிடைக்காவிட்டால் மறுநாளும் போங்கள். நான் ஃபிளாஸ்க்கில் டீயோடு துணைக்கு வருகிறேன். வேலை வெட்டி இல்லாத ஆள்தானே!