தொழிலாளி மகன் தந்த ‘ஆறு இடங்கள்’: ஆல்ஃபிரட் வெர்னரின் வாழ்க்கை

26 வயதில் அவர் ஒரு கோட்பாட்டை வெளியிட்டபோது, அதை நிரூபிக்க அவர் கையில் சொந்தமாக ஒரு சோதனைகூட இல்லை. 46 வயதில் அதே கோட்பாட்டுக்காக நோபல் பரிசு பெற்றார். இடைப்பட்ட 20 ஆண்டு உழைப்புதான் வேதியியல் அறிஞர் ஆல்ஃபிரட் வெர்னரின் கதை.

வெர்னர் 1866 டிசம்பர் 12ஆம் தேதி பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள மூலூஸ் நகரில் பிறந்தார். தந்தை இரும்பு வார்ப்படத் தொழிலாளி. குடும்பத்தில் இவரே கடைசிப் பிள்ளை. 1871இல், போரில் தோற்ற பிரான்சிடமிருந்து அல்சாஸ் ஜெர்மனியின் கைக்குப் போனது. ஆட்சி மாறினாலும் வெர்னர் வீட்டில் பிரெஞ்சு மொழியே பேசினார்கள்.

ராணுவச் சேவையை முடித்தபின் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகருக்குப் படிக்கச் சென்றார். 1890இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அந்நாட்டுக் குடிமகனாகி, வாழ்நாள் முழுவதும் ஜூரிச்சிலேயே தங்கிவிட்டார்.

நள்ளிரவில் கிடைத்த விடை

அக்கால வேதியியலாளர்களைக் குழப்பியவை கோபால்ட் உப்புகள். கோபால்ட் அணு மூன்று குளோரின் அணுக்களோடு சேர்ந்ததும் அதன் பிணைப்புத் திறன் தீர்ந்துவிட வேண்டும். ஆனால் அதற்கு மேலும் நான்கு, ஐந்து, ஆறு அம்மோனியாக்கள் அதனோடு ஒட்டிக்கொண்டன. எண்ணிக்கை மாறியபோது நிறமும் மாறியது. ஆறு இருந்தால் மஞ்சள், ஐந்து இருந்தால் ஊதா கலந்த சிவப்பு, நான்கு இருந்தால் பச்சை.

இத்துறையில் அன்று பெரிய பெயர் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன்சன். அம்மோனியாக்கள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்கின்றன என்பது அவர் கருத்து.

ஒருநாள் அதிகாலை 2 மணிக்குத் தூக்கத்திலிருந்து விழித்த வெர்னருக்கு விடை தெரிந்திருந்தது. உடனே எழுத உட்கார்ந்தவர் அன்று மாலைதான் பேனாவைக் கீழே வைத்தார். 1893இல் அக்கட்டுரை வெளியானது.

அவர் சொன்னது எளிமையானது. கோபால்ட்டைச் சுற்றி ஆறு இடங்கள் உண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று, நான்கு திசைக்கும் ஒவ்வொன்று. அந்த இடங்களில் அமர்ந்தவை எளிதில் பிரிவதில்லை. வெளியே நிற்கும் குளோரின் மட்டுமே கரைசலில் தனியாகப் பிரியும்.

சில்வர் நைட்ரேட் கலந்தால் இது தெரிந்துவிடும். மஞ்சள் உப்பில் மூன்று குளோரினும் வெள்ளையாகப் படிகின்றன. ஊதா கலந்த சிவப்பில் இரண்டு, பச்சையில் ஒன்று. அம்மோனியா ஒன்று குறைந்தால், அந்த இடத்தில் குளோரின் ஒன்று உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது.

மூத்தவரின் பெருந்தன்மை

யோர்கன்சன் உடனே ஏற்கவில்லை. இரண்டு குளோரின் உள்ளே இருந்தால் அவை அடுத்தடுத்தும் அமரலாம், எதிரெதிராகவும் அமரலாம். எனவே நான்கு அம்மோனியா உள்ள உப்பு இரண்டு வகையாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் கிடைத்திருந்ததோ பச்சை ஒன்றுதான். மற்றது எங்கே?

இதற்குப் பதில் சொல்ல வெர்னருக்கு 14 ஆண்டுகள் பிடித்தன. இருட்டான நிலவறை ஆய்வுக்கூடத்தில் மாணவர்களோடு சேர்ந்து உழைத்து, 1907இல் அந்த ஊதா நிற உப்பைத் தயாரித்துக் காட்டினார். யோர்கன்சன் தம் கோட்பாடு தவறு என்று ஒப்புக்கொண்டார். வெர்னரின் கோட்பாட்டுக்கு அடித்தளமே யோர்கன்சன் பல ஆண்டுகள் நுணுக்கமாகத் தயாரித்துவைத்த உப்புகள்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

1911இல் விக்டர் கிங் என்ற மாணவருடன் சேர்ந்து, இடக்கை வலக்கைபோல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான கோபால்ட் உப்புகளைப் பிரித்தெடுத்தார். அதில் உள்ள கார்பன்தான் காரணம் என்று சிலர் குறை சொன்னார்கள். 1914இல் கார்பன் ஓர் அணுகூட இல்லாத சேர்மத்திலும் அதையே செய்து காட்டினார்.

சீக்கிரம் முடிந்த வாழ்க்கை

1913இல் நோபல் பரிசு வந்தபோது உடல் தளரத் தொடங்கியிருந்தது. 200க்கும் மேற்பட்டோரை முனைவர் பட்டத்துக்கு வழிநடத்தியவர், ரத்தக்குழாய் தடிப்பு நோயால் வகுப்பு எடுக்கவே முடியாத நிலைக்குப் போனார். 1919 நவம்பர் 15ஆம் தேதி, 52 வயதில் காலமானார்.

நம் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினிலும் இரும்பு அணுவைச் சுற்றி ஆறு இடங்கள் உண்டு. ஐந்து ஏற்கெனவே நிரம்பியவை. நாம் இழுக்கும் மூச்சிலுள்ள ஆக்சிஜன் ஆறாவது இடத்தில்தான் அமர்கிறது.

பிளாட்டினத்துக்குச் சதுர வடிவில் நான்கு இடங்கள் என்பதும் வெர்னர் 1893இலேயே சொன்னதுதான். அவற்றில் இரண்டு அம்மோனியாவும் இரண்டு குளோரினும் அமர்ந்த சேர்மத்தில், குளோரின்கள் அடுத்தடுத்து இருந்தால் அது சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து. எதிரெதிரே இருந்தால் அது மருந்தாகப் பயன்படுவதில்லை. அணுக்கள் அதே அணுக்கள்தான். எது எங்கே அமர்கிறது என்பதில்தான் ஒரு நோயாளியின் உயிர் இருக்கிறது.