நினைவகத்திற்கு ஒழுங்கு தந்த டைக்ஸ்ட்ரா

1957ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் இளைஞர் தமது திருமணத்தைப் பதிவு செய்யச் சென்றார். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் நிரலாளர் என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று நகர மன்ற அதிகாரிகள் அதை ஏற்க மறுத்துவிட்டனர். வேறு வழியின்றி, கோட்பாட்டு இயற்பியலாளர் என்று மாற்றி எழுதிக் கொடுத்தார்.

அந்த இளைஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. கணினியியல் படிக்கும் மாணவர்கள் அனைவரும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்திற்கு மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறை அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ஆனால், கணினியின் நினைவகத்தை எப்படிப் பகிர்வது, எப்படித் துப்புரவு செய்வது என்பதிலும் அவர் ஆழமாக உழைத்தார். அந்த உழைப்பு அவர் பெயர் ஒட்டப்படாமலேயே இன்று பல மென்பொருள்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சட்டம் படிக்க நினைத்தவர்

டைக்ஸ்ட்ரா 1930 மே 11ஆம் தேதி நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை வேதியியல் ஆசிரியர். தாயார் கணிதம் கற்றவர். பள்ளிப் பருவத்தில் டைக்ஸ்ட்ராவுக்குச் சட்டம் படிக்கும் ஆசை இருந்தது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் தம் நாட்டின் சார்பில் பணியாற்றலாம் என்று எண்ணியிருந்தார். கணிதத்திலும் அறிவியலிலும் அவர் பெற்ற மதிப்பெண்கள் அந்த எண்ணத்தை மாற்றின. லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கச் சேர்ந்தார்.

1951ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிரலாக்கம் பற்றிய குறுகிய காலப் பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட டைக்ஸ்ட்ரா, அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் பகுதிநேர நிரலாளராகச் சேர்ந்தார்.

படிப்பா, இந்தப் புதிய வேலையா என்ற குழப்பம் அவரை விடவில்லை. இயற்பியலில் பாடநூல்களும் பேராசிரியர்களும் நெறிமுறைகளும் இருந்தன. நிரலாக்கத்தில் அப்போது எதுவும் இல்லை. மையத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த வான் வைங்கார்டனிடம் இதைச் சொன்னார். நிரலாக்கம் இன்னும் மதிக்கத்தக்க துறையாகவில்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். அதை அப்படி ஆக்கும் பொறுப்பை இளையர்களில் ஒருவராக டைக்ஸ்ட்ராவே ஏற்கலாமே என்று ஊக்கமூட்டினார். அந்த ஒரு பேச்சு அவர் வாழ்க்கையின் திசையை முடிவு செய்தது.

1956ல் ஆர்மாக் என்ற புதிய கணினியைப் பொதுமக்களுக்குக் காட்டும் விழாவுக்காக, எல்லாருக்கும் புரியும் ஒரு கணக்கு தேவைப்பட்டது. நெதர்லாந்தின் 64 நகரங்களுக்கிடையே குறுகிய வழியைக் கண்டுபிடிப்பது என்று டைக்ஸ்ட்ரா தீர்மானித்தார். 64 நகரங்கள் என்றால் ஒவ்வொரு நகரத்தையும் 6 பிட்டுகளில் குறித்துவிடலாம். திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்த ரியாவுடன் கடைவீதிக்குச் சென்றிருந்தபோது, களைப்பாறக் காப்பிக்கடையில் அமர்ந்து, தாளோ பென்சிலோ இல்லாமல் 20 நிமிடங்களில் அந்த முறையை மனத்திலேயே அமைத்தார். அதைக் கட்டுரையாக வெளியிட்டது 1959ல்தான்.

தட்டுகளை அடுக்குவதுபோல்

அக்காலத்தில் ஆல்கால் 60 என்ற புதிய நிரல் மொழியை ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்கள் கூடி வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். நிரலின் ஒரு பகுதி தன்னைத்தானே மீண்டும் அழைக்கலாமா என்பது அங்கு பெரிய கேள்வியாக இருந்தது. ரிகர்ஷன் என்று நாம் வகுப்பில் படிப்பது இதைத்தான். 1960ன் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வான் வைங்கார்டன், அந்த மொழியின் அறிக்கையைத் தொகுத்த பீட்டர் நாவருக்குத் தொலைபேசியில் ஒரு யோசனை சொன்னார். அதன் பயனாக அறிக்கையில் ஒரு வாக்கியம் சேர்ந்தது. தன்னைத்தானே அழைக்கும் வசதியும் மொழிக்குள் வந்துவிட்டது.

மொழியில் எழுதிவிட்டால் போதாதே, கணினியில் ஓட வேண்டுமே! சிக்கல் நினைவகத்தில் இருந்தது. 5 முதல் 1 வரையிலான எண்களின் பெருக்கலைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5க்கு விடை சொல்ல 4க்கு விடை வேண்டும். 4க்குச் சொல்ல 3க்கு வேண்டும். ஒரே நிரல் பகுதி பல முறை பாதியில் நின்று காத்திருக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் அதன் எண்ணை எழுதிவைக்கத் தனி இடம் வேண்டும். பழைய முறையில் ஒரு நிரல் பகுதிக்கு நினைவகத்தில் ஒரே ஒரு நிலையான இடம்தான். அதில் இரண்டாவது எண்ணை எழுதினால் முதல் எண் அழிந்துபோகும்.

இதற்கு டைக்ஸ்ட்ரா கையாண்ட வழி அடுக்கு முறை. உணவங்காடி நிலையத்தில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். கடைசியாக வைத்த தட்டைத்தான் முதலில் எடுப்போம். அதேபோல், ஒவ்வோர் அழைப்புக்கும் நினைவகத்தில் மேலே ஒரு புதிய இடம் போடப்படுகிறது. வேலை முடிந்ததும் அந்த இடம் எடுக்கப்படுகிறது. எத்தனை முறை அழைத்தாலும் குழப்பம் வராது. அடுக்கு என்ற எண்ணம் வேறு சிலருக்கும் அக்காலத்தில் தோன்றியிருந்தது. ஆனால் ரிகர்ஷனை அதன்மூலம் முழுமையாகச் செயல்படுத்தும் வழியை 1960ல் கட்டுரையாகத் தெளிவாக எழுதிக் காட்டியவர் அவர்.

ஆல்கால் மொழியில் எழுதியதை எக்ஸ்1 கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரை அவரும் யாப் சோனவெல்டும் சேர்ந்து எழுதினார்கள். முடியும்வரை முகச்சவரம் செய்வதில்லை என்று இருவரும் உறுதி எடுத்தார்கள். 1960 ஆகஸ்டில் வேலை முடிந்தது. சோனவெல்ட் விரைவிலேயே தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ரா தாடியுடன் வாழப் பழகிவிட்டார்.

110 கிலோபைட்டில் ஒரு பல்கலைக்கழகம்

1962ல் டைக்ஸ்ட்ரா ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். அங்கு சிறு குழுவுடன் எக்ஸ்8 என்ற கணினிக்கு ஓர் இயங்குதளம் உருவாக்கினார். பல்கலைக்கழகத்தில் பலரும் கொடுக்கும் நிரல்களை அது ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும்.

அந்தக் கணினியின் முதன்மை நினைவகத்தில் 32,768 சொற்களுக்கு இடமிருந்தது. ஒரு சொல்லுக்கு 27 பிட். இன்றைய கணக்கில் மொத்தம் சுமார் 110 கிலோபைட். நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதற்குள் அடங்காது. கூடுதல் தகவலை, சுழலும் உருளை ஒன்றில் வைக்க வேண்டியிருந்தது. அந்த உருளை மிக மெதுவானது.

தகவல் எது என்பதையும் அது எங்கே இருக்கிறது என்பதையும் டைக்ஸ்ட்ராவின் குழு பிரித்துவிட்டது. நிரலாளர் தகவலை அதன் பெயரால் மட்டும் கேட்பார். அது முதன்மை நினைவகத்தில் இருக்கிறதா, உருளையில் இருக்கிறதா என்பதை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். உருளைக்குத் திருப்பி அனுப்பும்போதும் பழைய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அந்த நேரத்தில் எந்தக் காலியிடம் விரைவில் கிடைக்கிறதோ அங்கே வைக்கலாம்.

இயங்குதளம் முழுவதும் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது. கீழ் அடுக்கு சரியாக இயங்குகிறது என்று உறுதி செய்த பிறகே அடுத்த அடுக்குக்குப் போனார்கள். இதை விளக்கும் கட்டுரை 1968ல் வெளிவந்தது. அதே ஆண்டு மார்ச்சில், நிரலை அங்கும் இங்கும் தாவவிடும் ‘கோ டு’ கட்டளைக்கு எதிராக அவர் எழுதியது கடிதமாக அச்சானது. தலைப்பைக் கடுமையாக மாற்றியவர் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த். கடிதம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 1972ல் டைக்ஸ்ட்ராவைத் தேடி வந்தது.

கடை திறந்திருக்கும்போதே துப்புரவு

நினைவகம் பற்றிய அவருடைய முக்கியமான ஆய்வு 1978ல் வெளியானது. அடுக்கு முறையில் இடம் தானாகவே காலியாகிவிடும். ஆனால் எல்லாத் தகவலும் அப்படி ஒழுங்கான வரிசையில் வந்து போவதில்லை. பல தகவல்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு நினைவகம் எங்கும் சிதறிக் கிடக்கும். எந்தப் பக்கத்திலிருந்தும் சென்றடைய முடியாத தகவல் குப்பையாகிவிடுகிறது. அதைத் தானாகக் கண்டுபிடித்து அகற்றும் முறையை லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி முன்பே கொண்டுவந்திருந்தார். ஆனால், குப்பை அள்ளும்போது நிரல் நின்று காத்திருக்க வேண்டும்.

நிறுத்தாமல் அள்ள முடியுமா? டைக்ஸ்ட்ராவும் லெஸ்லி லாம்போர்ட், மார்ட்டின், ஸ்கோல்ட்டன், ஸ்டெஃபன்ஸ் ஆகியோரும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்.

உணவங்காடி நிலையத்தை மூடிவிட்டுத் துப்புரவு செய்வது எளிது. கூட்டம் இருக்கும்போது செய்வதுதான் கடினம். துப்புரவாளர் முதல் மேசையைப் பார்த்து முடித்துவிட்டு நகர்கிறார். மூன்றாம் மேசையில் இருந்தவர், துப்புரவாளர் அங்கு வருவதற்குள் தம் தட்டை எடுத்துக்கொண்டு முதல் மேசைக்கு மாறிவிடுகிறார். முதல் மேசையைத்தான் பார்த்தாகிவிட்டதே! மூன்றாம் மேசையில் ஆளில்லை. அந்தத் தட்டுக்கு உரியவர் யாருமில்லை என்று கணக்கு முடிகிறது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் தட்டு பறிபோகிறது. நிரலில் இப்படி நடந்தால், பயன்பாட்டில் உள்ள தகவல் அழிந்து தவறான விடை வரும்.

ஐவரும் மூன்று நிறங்களைப் பயன்படுத்தினார்கள். இன்னும் பார்க்காத தகவல் வெள்ளை. பார்த்தாகிவிட்டது, ஆனால் அது சுட்டும் மற்றவற்றை இன்னும் பார்க்கவில்லை என்றால் சாம்பல். எல்லாம் பார்த்தாகிவிட்டால் கறுப்பு. வேலை முடிவில் வெள்ளையாகவே இருப்பதுதான் குப்பை. நிரலுக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு தகவலைப் புதிதாகச் சுட்டும்போது, அது வெள்ளையாக இருந்தால் சாம்பலாக்கிவிட வேண்டும். இடம் மாறுபவரே துப்புரவாளரிடம் தம் தட்டைக் காட்டிவிட்டுப் போவதுபோல.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கட்டுரை அச்சாவதற்கு முன்பு இருந்த ஒரு வடிவத்தில் நுண்ணிய பிழை ஒன்று ஒளிந்திருந்தது. குழுவுக்கு வெளியே இருந்த ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். உலகின் தலைசிறந்த மூளைகள் சில மாதக்கணக்கில் யோசித்தும் தப்பிய பிழை அது. இறுதிக் கட்டுரையில் நூலாசிரியர்கள் அதை மறைக்கவில்லை. இத்தகைய பிழை கோடி முறை ஓட்டிப் பார்த்தாலும் தலைகாட்டாமல் இருக்கலாம். முறைப்படி நிறுவினால்தான் நிம்மதி என்ற டைக்ஸ்ட்ராவின் நம்பிக்கைக்கு அதுவே சான்றாக அமைந்தது.

2015ல் கூகல் நிறுவனத்தின் ‘கோ’ மொழிக்குப் புதிய குப்பை சேகரிப்பு முறை வந்தபோது, அது 1978ஆம் ஆண்டின் இந்த மூவண்ண முறையை அடிப்படையாகக் கொண்டிருந்தது. குரோம் உலாவிக்குள்ளும் இதே எண்ணம் வேலை செய்கிறது.

பேனாவும் பிடிவாதமும்

1973 முதல் பரோஸ் நிறுவனத்தின் ஆய்வாளராக, நூனன் என்ற சிற்றூரில் வீட்டிலிருந்தே டைக்ஸ்ட்ரா பணியாற்றினார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பல்கலைக்கழகம் சென்று, சக ஆய்வாளர்களுடன் கட்டுரைகளைப் படித்து வரிவரியாக விவாதித்தார். கணினி மேதையான அவர் எழுதியது மைப்பேனாவால்தான். தம் பெயரின் முதலெழுத்துகளுடன் வரிசை எண் இட்டு, 1,300க்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார். நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்; அவர்கள் மேலும் பலருக்கு அனுப்புவார்கள்.

அவர் எளிதில் பழகக்கூடியவர் என்று எல்லாரும் சொல்லமாட்டார்கள். தமக்குப் பிடிக்காத நிரல் மொழிகளையும் அவற்றைக் கற்பித்தவர்களையும் மிகக் கடுமையாகச் சாடினார். கணிதம்போல் நிறுவி நிரல் எழுத வேண்டும் என்ற அவருடைய வாதத்தைத் தொழில்துறை முழுமையாக ஏற்கவும் இல்லை. பெரிய மென்பொருள்களுக்கு அதற்கான நேரமும் செலவும் கட்டுப்படியாகாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதிலும் நியாயம் உண்டு.

1984ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று 1999ல் ஓய்வு பெற்றார். புற்றுநோயுடன் போராடிய அவர், நூனன் திரும்பி 2002 ஆகஸ்ட் 6ஆம் தேதி 72 வயதில் காலமானார்.

இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் சில நொடிகளில் நிரல் எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஓட்டிப் பார்க்கிறோம், விடை வருகிறது, ஒப்படைத்துவிடுகிறோம். அது ஏன் சரி என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைந்து வருகிறது. மருத்துவமனைக் கருவியிலும் ரயில் கட்டுப்பாட்டிலும் ஓடப்போகும் நிரல்களை நாளை எழுதப்போவது நம் தலைமுறைதான். டைக்ஸ்ட்ராவின் கையெழுத்துக் குறிப்புகளை டெக்சஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பல குறிப்புகள் இரண்டு மூன்று பக்கங்களே இருக்கும். பள்ளி விடுமுறையில் ஒன்றைத் திறந்து, தாளும் பேனாவுமாக உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.